பதினேழாவது வரி

9-6-2025, திங்கள்
முட்டி வலி. ஆட்டுக்குத் தழை ஒடித்ததோடு சரி, வேறு வேலை ஓடவில்லை. பேத்தி தர்ஷினியோடு பேச்சை நிறுத்தி இன்றோடு பதினோரு நாள். என்னைக் கேட்காமல் இந்த நோட்டை எடுத்துப் படித்தாள். மே இருபத்தொன்பது, வியாழன், மத்தியானச் சோறு ஆன பிறகு. "சும்மாதான் பாத்தேன் ஆயா." சும்மாவாம்.

10-6
அவளுக்கு வூட்டிலிருந்தே வேலை. கம்ப்யூட்டருக்கு உள்ளே கர்னல் என்று ஒன்று எல்லாத்தையும் கட்டி மேய்க்குதாம். அதன் நினைவில் எந்த இடத்தைப் படிக்கலாம், எதில் எழுதலாம், எதைத் தொடவே கூடாது என்று நாற்பது வரி எழுதித் தரவேண்டும். சத்தம் போட்டுப் படித்துப் பார்க்கிறாள். நான் காதைக் கழட்டியா வைக்க முடியும்? பதினேழாவது வரி: மெஷின் கிளம்புற வரைக்கும் எழுதலாம், கிளம்பின பிறகு படிக்க மட்டும்.
ஊரான் நினைவுக்கெல்லாம் காவல். என் நோட்டுக்கு?

11-6
மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. அலுப்பு.

12-6, வியாழன்
அவள் மேலதிகாரி நவநீதன் போனில். சத்தம் எனக்கே கேட்டது. "ஒரு வரி தப்பு. இதை நம்பி ஒருத்தன் திறந்துவிட்டா திருடன் உள்ள பூந்துருவான். நாளைக்கும் தப்புன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."
சோறு காய்ந்து கிடக்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கிறாள். பதினேழாவது வரி: எழுதலாம். அவ்வளவுதான். மீதி எங்கே போச்சு?
நான் சொல்லணுமா? நானா முதல்ல பேசணும்?
வாசலில் கட்டியிருந்த ஆட்டைப் பார்த்துச் சொன்னேன். "ஏய் கருப்பி, செவ்வாக்கிழமை பதினேழாவது வரி நீளமா இருந்துச்சு. கிளம்பின பிறகு படிக்க மட்டும்னு இருந்துச்சு. யாருடி வாலை வெட்டினது?"
அவளும் ஆட்டைத்தான் பார்த்தாள். "கம்ப்யூட்டர்ல வரிக்கு விட்ட கட்டத்துல அடங்கலைன்னு நான்தான் வெட்டினேன்னு சொல்லு, கருப்பி." சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

13-6
ஏற்றுக்கொண்டார்களாம். வேலை போகவில்லை. இதையும் ஆட்டிடம்தான் சொன்னாள். "ஆயாவுக்கு டீ வேணுமான்னு கேளு."
"சக்கரை கம்மியா" என்றேன். ஆட்டிடம் இல்லை.

15-6, ஞாயிறு
இனி நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதில்லை. அவள் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே கிடக்கட்டும். முதல் பக்கத்தில் எழுதிவிட்டேன்: தர்ஷினி படிக்கலாம். எழுதக் கூடாது.
மே இருபத்தொன்பதாம் தேதிப் பக்கத்தை மட்டும் ஊக்கு குத்தி மூடியிருக்கிறேன். அன்று ஆத்திரத்தில் அவளைத் திட்டி என்னென்னவோ எழுதியிருக்கிறேன்.
அதைத் தொடவே கூடாது.