ஆலோசகர் சொல்லாத பாதி

ஃபிலடெல்ஃபியா, செவ்வாய்

அன்பு எஃப்ராயின்,

நீ கேம்டனில் உன் அக்கா வீட்டுக்குப் போய் ஒன்பது நாளாகிறது. போனை எடுப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேற்று அந்தக் கிளினிக்குக்குப் போனேன். "முன்தோலை எடுத்துட்டா எச்.ஐ.வி. வர்ற ஆபத்து பாதியாக் குறையும்" என்று சொல்லி, முப்பத்துநாலு வயதில் உன்னை அறுவைக்கு அனுப்பிய அதே ஆலோசகர்தான் உட்கார்ந்திருந்தார். உனக்குத் தொற்று வந்ததைச் சொன்னேன்.

"அது பொண்ணுங்களோட இருக்கிற ஆம்பளைங்ககிட்ட எடுத்த கணக்கு. உங்க ரெண்டு பேர மாதிரி ஆம்பளையோட இருக்கிற கறுப்பர், லத்தீன் அமெரிக்கக்காரங்ககிட்ட பார்த்தப்ப வித்தியாசமே தெரியல," என்றார்.

"அப்பவே ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

தினமும் போடும் தடுப்பு மாத்திரையை நமக்கு ஏன் தரவில்லை என்று கேட்டேன். "உங்க ஆளுங்க ஒழுங்கா போட மாட்டாங்க" என்கிறார். பதினாலு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஒரு காலைகூடத் தாமதமாக வண்டியை எடுத்ததில்லை. எனக்கு மாத்திரை போடத் தெரியாதாம். அங்கேயே நின்று புகார் எழுதிக் கொடுத்தேன்.

ஆனால் "இனி ஆணுறை எதுக்குடா" என்று உன்னிடம் முதலில் சொன்னது அவரில்லை, நான்தான். எனக்குப் பிறந்தபோதே முன்தோலை எடுத்துவிட்டார்கள். அந்தத் தைரியத்தில் நான் ஒருமுறைகூடச் சோதித்துக்கொள்ளவில்லை. உன்னால் எனக்கும் வந்திருக்குமோ என்று பயந்துதானே கிளம்பிப் போனாய்?

இன்று என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் அளவைப் பார்த்தால் எனக்குத் தொற்று பல வருஷமாகவே இருக்கிறதாம், உன்னைச் சந்திப்பதற்கு முன்பிருந்தே.

மன்னிப்பை நேரில்தான் கேட்க வேண்டும். சனிக்கிழமை வருகிறேன். கதவை மட்டும் திற.

உன்னவன்