அடிக்காமல் விட்ட இரண்டு கதவுகள்

டீச்சரம்மா,

சமையலறை அலமாரியில் நீ பெயிண்ட் அடிக்காமல் விட்ட இரண்டு கதவுகளையும் காலையில் நானே தேய்த்து அடித்துவிட்டேன். காயச் சாயங்காலம் ஆகும், தொடாதே. கழற்றிய கைப்பிடிகள் கிண்ணத்தில். சாப்பாடு மேஜைமேல்.

நேற்று உன் தங்கச்சி முன்னால், அந்தப் பழைய அலமாரியைப் பார்த்து "கிழவிக்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி இருக்கு"ன்னு நான் சிரித்ததும், நீ பாதியிலேயே பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய். புது அலமாரி வாங்கித் தர வக்கில்லாதவன் பேசுகிற பேச்சா அது? வாய்க்கொழுப்பு.

கிளம்பும் முன் அவளுக்குப் போன் பண்ணி, "உங்க அக்கா அழகாத்தான் செஞ்சிருக்கா, நான்தான் தப்பா பேசிட்டேன்"னு சொன்னேன்.

"அதை அக்காகிட்ட சொல்லுங்க மாமா"ன்னு போனை வெச்சுட்டா.

பி.கு.: சொல்லத்தான் உன் அறைவரை வந்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய்.

பொய். நீ முழித்துத்தான் இருந்தாய். எனக்குத்தான் தைரியம் வரவில்லை.