நடுச்சுவரில் ரூட்டர்

ஐப்பசி 12, ஞாயிறு

நேற்று கடலூர் போனபோது புது ரூட்டர் வாங்கி வந்தேன். பழையதில் சமையலறைவரை சிக்னல் எட்டுவதில்லை, சீரியல் பாதியில் நின்றுவிடுகிறது என்று மனைவி மல்லிகா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று அறைக்குச் சின்னதே போதும் என்றார் கடைக்காரர். நான் பெரியதைக் கேட்டேன்.

இன்று மாட்ட வந்த செல்வம், வீட்டுக்கு நடுவில் வைக்க வேண்டும் என்றார். நான் சுவரைக் காட்டினேன்.

"அண்ணே, அது ஓரமால்ல இருக்கு?"

பாகம் பிரித்தபோது வீட்டுக்குக் குறுக்கே எழுப்பிய சுவர். அந்தப் பக்கம் தம்பி ரவி. எங்களுக்குள் பேச்சு நின்றுவிட்டது. என் வைஃபை மட்டும் இன்னும் அவன் டிவியில் ஓடுகிறது.

"அங்கதான் பிளக் இருக்கு" என்றேன்.

"பாஸ்வேர்டு புதுசா போட்டுடவாண்ணே?"

"மாத்திடுங்க, கண்டவங்களும் பாக்குறாங்க" என்றாள் மல்லிகா.

"பழசே இருக்கட்டும். எல்லா போன்லயும் திரும்ப அடிக்கணும், ஜாஸ்தி வேல."

மல்லிகா என்னைப் பார்த்தாள்.

சாயங்காலம் கிரிக்கெட். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. கடைசி ஓவரில் பந்து வீசுகிறவன் என் டிவியில் இன்னும் ஓடி வந்துகொண்டிருந்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ரவி "போச்சுடா!" என்று கத்தினான். அதற்கப்புறம்தான் இங்கே ஸ்டம்பு விழுந்தது.

ரூட்டர் என்னுடையது. விக்கெட் விழுவது முதலில் அவனுக்குத் தெரிகிறது.

டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டேன். மிச்ச ஆட்டத்தைச் சுவர் வழியாகவே கேட்டேன்.