ஓசூருக்கு இந்தப் பக்கம்

மாணவர் விடுதி, ராசிபுரம்
12.6.2025

எல்லைச்சாமி மாதவராஜ் மாமா அவர்களுக்கு,

உங்கள் ஒரே மச்சான் கலைவாணன் கும்பிடு போட்டு எழுதுவது. கும்பிடு ஒரு கையால்தான். இன்னொன்று மாவுக்கட்டில் இருக்கிறது, உபயம் நீங்கள்.

ஏன்டா கடிதம் என்று கேட்பீர்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன், அதையும் வார்டன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் தருவார். அவருடைய விசிலுக்குள் நான் மிளகாய்ப்பொடி வைத்ததிலிருந்து எனக்கு அதுவும் கிடையாது. அவர் ஊதவும் இல்லை, உறிஞ்சிவிட்டார்.

காவேரி அக்கா எழுதியிருந்தாள், நாய் குறுக்கே வந்து கார் மரத்தில் மோதிவிட்டதாமே? நானும் முன்சீட்டில்தான் இருந்தேன் மாமா. ஆனேக்கல் கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வரும்போது, அத்திப்பள்ளிக்கு முன்னால் வந்த அந்த நாய் சேலை கட்டியிருந்தது. தலையில் பூக்கூடை வைத்திருந்தது. நீங்கள் இடித்ததும் கீழே கிடந்தபடி, "நில்ஸி, நில்ஸி" என்று கன்னடத்தில் குரைத்தது.

நான் நிறுத்தச் சொன்னபோது நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது கர்நாடகாடா. இங்க நின்னா நம்ம இன்சூரன்ஸ் செல்லாது. நம்ம பக்கம் போயிட்டா பாத்துக்கலாம்." அப்படியே ஓசூர் தாண்டி, ராயக்கோட்டை ரோட்டில் நல்ல புளியமரமாகப் பார்த்து, "கெட்டியாப் புடிச்சிக்க" என்று இடித்தீர்கள். பெண் பார்க்கிற மாதிரி மரம் பார்த்த ஒரே மாப்பிள்ளை நீங்கள்தான். பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி தருவார்கள், எனக்குக் கட்டு தந்தார்கள்.

அந்தப் பூக்காரம்மா என்ன ஆனார்கள் மாமா? விசாரித்தீர்களா?

ஆவணியில் இதழினிக்குக் காது குத்துவதற்குள் கட்டைப் பிரித்துவிடுவார்கள். தாய்மாமன் மடி தயார். குட்டிக்கு முத்தம்.

உங்கள் கைநொந்த மச்சான்,
கலைவாணன்

-

பாலக்கோடு
18.6.2025

அன்பு மச்சான் கலைவாணனுக்கு,

மாமா ஆசியுடன் எழுதுவது. நலம், நலமே விழைகிறேன். உன் கேலியை உரக்கடையிலேயே வைத்துப் படித்துச் சிரித்தேன், வாங்க வந்தவர்கள் என்னவோ என்று பார்த்தார்கள். படித்ததும் கிழித்துவிட்டேன். நீயும் இதைக் கிழித்துவிடு.

குறுக்கே வந்தது நாய்தான். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். இதை மறக்காதே.

கார் ரிப்பேருக்குக் கேட்டிருக்கிறேன் அல்லவா, கம்பெனியிலிருந்து விசாரிக்க ஓர் ஆள் வருவாராம். கூட யார் இருந்தது என்று கேட்டபோது உன் பெயரைச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. உன் கை உடைந்தது ஆஸ்பத்திரியில் பதிவாகியிருக்கிறதே. பயப்படாதே. வார்டன் முதல் வாட்ச்மேன் வரை ஏமாற்றுகிறவன் நீ. ஒரு கம்பெனிக்காரன் உனக்கு எம்மாத்திரம்?

வெளி மாநிலத்தில் மோதினால் பாலிசி வெறும் காகிதம் என்று நம் கடைக்கு மூட்டை இறக்குகிற லாரிக்கார சவுரியப்பன் அடித்துச் சொன்னான். தினமும் பார்டர் தாண்டுகிறவனுக்குத் தெரியாதா? நான் செய்தது குடும்பத்துக்காக.

காதுகுத்துப் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருக்கிறேன். தாய்மாமன் என்று உன் பெயர் கொட்டை எழுத்தில் வருகிறது. கடைசி நேரத்தில்கூட பெயர் மாற்றலாம், சிரமமில்லை என்கிறார் அச்சகக்காரர். தங்கமான மனிதர்.

பிரியமுள்ள மாமா,
மாதவராஜ்

-

ராசிபுரம்
24.6.2025

மாமா,

என் ரூமில் இருக்கும் சிவக்குமாரின் அப்பா இன்சூரன்ஸ் ஏஜென்ட். மகனைப் பார்க்க முறுக்கோடு வந்தார். முறுக்கைத் தின்றுகொண்டே, "வேற ஒருத்தருக்காகக் கேக்கறேன் அங்கிள்" என்று ஆரம்பித்தேன். எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிப்பார்கள் போல, சிரித்தார்.

"பாலிசிக்கு பாஸ்போர்ட்டா கேக்கறாங்க தம்பி? இந்தியாவுக்குள்ள எங்க மோதினாலும் அதே பாலிசிதான். அடிபட்டவங்களுக்கு நம்ம கம்பெனிதான் குடுக்கணும், அது எந்த ஸ்டேட்டா இருந்தா என்ன? நிக்கணும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும், போலீசுக்கும் கம்பெனிக்கும் உள்ளதைச் சொல்லணும். அவ்வளவுதான். வண்டி எதுன்னே தெரியலைன்னா, பாவம், அரசாங்கம் குடுக்கற கொஞ்சம்தான் அவங்களுக்கு."

சவுரியப்பன் அண்ணன் சொன்னது பர்மிட் சமாசாரமாம். லாரி, டாக்ஸி எல்லாம் எல்லை தாண்ட பர்மிட் வேண்டும். உங்களுடையது சொந்தக் கார், வெள்ளை போர்டு. லாரிக்காரர் சட்டையை எடுத்துக் காருக்கு மாட்டிவிட்டீர்கள்.

அப்படியென்றால் அங்கேயே நின்றிருந்தால் போதும் மாமா. அந்த அம்மாவுக்கு வைத்தியத்துக்குக் கிடைத்திருக்கும், உங்களுக்குக் காரும் சரியாகியிருக்கும், எனக்கு இரண்டு கையும் இருந்திருக்கும்.

அந்த ஆள் வருவதற்குள் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். காப்பீடு வேண்டும் என்று போய்க் காப்பு வாங்கிக்கொள்ளாதீர்கள்.

கலைவாணன்

-

பாலக்கோடு
1.7.2025

மச்சான்,

நானும் விசாரித்தேன். நீ சொன்னது சரிதான். இப்போது தெரிந்து என்ன பயன்? இன்று போய் உண்மையைச் சொன்னால் ஓடிவந்ததற்கு ஒரு கேஸ், பொய் சொன்னதற்கு ஒரு கேஸ். முன்பே கேட்டிருக்கலாம் என்கிறாயா? ஆமாம், கேட்டிருக்கலாம். யாரோ ஒரு பூக்காரிக்காக நான் உள்ளே போகவேண்டுமா? அவள் எழுந்து உட்கார்ந்ததை நீயே திரும்பிப் பார்த்தாய்.

உன் அக்காவிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை அவளுக்கு. பிறகு அவளே சொன்னாள்: "அவன் சொல்ல மாட்டானுங்க. எங்க வூட்டுப் புள்ளை. எம்புள்ளைக்கு மடி குடுக்கறவன்."

அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். இதழினிக்கு நீ மாமனா, இல்லையா என்பதை இனி நீதான் முடிவு செய்ய வேண்டும். பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

மாதவராஜ்

-

ராசிபுரம்
11.7.2025

மாமா,

அந்த ஆள் வந்தார். கோட்டு இல்லை, டை இல்லை. மலர்விழி என்று ஒரு மேடம், மழையில் நனைந்த குடையோடு வந்தார்.

முதலில் நாய்க் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன், நீங்கள் கேட்டிருந்தால் கைதட்டியிருப்பீர்கள். நாய்க்குச் செம்மண் நிறம், ஒரு காது மடிந்திருந்தது என்றெல்லாம் சேர்த்தேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தூங்கிட்டிருந்தியே தம்பி, காது மடிஞ்சிருந்தது எப்படித் தெரிஞ்சது?" என்றார்.

பிறகு சொன்னார். காரின் முன்பக்கச் சல்லடையில் வாழைநாரும் காய்ந்த மல்லிகையும் சிக்கியிருந்ததாம். அத்திப்பள்ளி ஸ்டேஷனில் அதே நாளில் ஒரு வெள்ளைக் காரைப் பற்றிப் புகார் இருக்கிறதாம். அந்த அம்மா பெயர் லட்சுமம்மா. இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லையாம். எழுந்து உட்கார்ந்தார்களே, நானும் அதை வைத்துத்தான் இத்தனை நாள் தூங்கினேன். லட்சுமம்மாவின் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாளாம். இப்போது படிப்பை விட்டுவிட்டு அம்மாவுக்குத்தான் நர்ஸ்.

சொல்லிவிட்டேன் மாமா. ஆனேக்கல்லில் சாப்பிட்ட பாயசத்திலிருந்து புளியமரம் வரை.

அவர்களுக்கு இனிக் கம்பெனி கொடுக்குமாம். உங்கள் பாலிசிதான். கர்நாடகாவில் செல்லுகிறது, பாருங்கள்.

திட்டுங்கள், அடியுங்கள், ஆவணிக்கு வந்து நிற்கிறேன். அக்காவிடம் மட்டும் இந்தக் கடிதத்தை நீங்கள் படித்துக் காட்டாமல், அவள் கையிலேயே கொடுங்கள்.

கலை

-

பாலக்கோடு
30.7.2025

கலைவாணனுக்கு,

இரு மாநில போலீசும் நம் தெருவுக்கு வந்து போனார்கள். ஜாமீனில் இருக்கிறேன். கார் ரிப்பேருக்கு ஒன்றும் தரமாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். நீ கேட்டுக்கொண்டபடி கடிதத்தை உன் அக்கா கையிலேயே கொடுத்தேன். படித்தாள். மடித்தாள். என்னிடமே திருப்பித் தந்தாள்.

காதுகுத்து குறித்த நாளில், ஒகேனக்கல்லில் நடக்கும். உங்கள் பெரியப்பா மகன் மாதையன் மடியில் உட்கார வைக்கிறோம். அவன் பெயரைச் சொன்னது நானில்லை, உன் அக்கா. அன்று ஊர்ப் பக்கம் வராதே. வந்தால் அவமானம் உனக்குத்தான்.

உனக்கு ஒரு வரி எழுதச் சொல்லி அவளிடம் பேனாவை நீட்டினேன். குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே சொன்னாள்:

"யாருக்குங்க?"

பெ. மாதவராஜ்