ஐயாவின் கைமணி

மணமேல்குடி
6-2-1938

பாசமுள்ள அடைக்கலம் அண்ணனுக்கு,

தங்கை லேயாள் எழுதுவது. நாங்கள் சுகம். ரங்கூன் அரிசி மில்லைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதுவதில்லை.

விளக்கேற்றியதும் ஆத்தாவுக்கு வேதம் வாசிக்கிறேன். எசேக்கியா ராஜாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. கடவுள் சொல்லி மோசே செய்த வெண்கலச் சர்ப்பம், வனாந்தரத்தில் பாம்பு கடித்த எத்தனையோ பேரைப் பிழைக்க வைத்தது. பிற்பாடு ஜனங்கள் அதற்கே தூபம் காட்டினார்களாம். ராஜா உடைத்துப் போட்டார். ஆத்தா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு, "மோசே செஞ்சதையா ஒடச்சாரு?" என்று கேட்டது.

உபதேசியாரான நம் ஐயா ஜெபத்துக்குக் கூப்பிட அடித்த, வாந்திபேதிக் காலத்தில் வீடுவீடாக மருந்து கொடுக்க அடித்துக்கொண்டு போன கைமணிக்கு இப்போது தினமும் பூ வைக்கிறார்கள். அதைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் ஊற்றி, பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஐயா இறந்து இரண்டு வருஷமாகியும் ஜனங்கள் மறக்கவில்லை. உங்களுக்குப் பெருமையாக இருக்கும்.

அன்புத் தங்கை
லேயாள்

ரங்கூன்
3-3-1938

அன்புத் தங்கச்சி லேயாளுக்கு,

வேலை கஷ்டந்தான், அதனால்தான் எழுதவில்லை. மணியைப் பற்றி நீ எழுதியதை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அதன் பிடிக்கு வெள்ளிப் பூண் செய்யச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கு வரும்போது கம்மாய்க்கரையிலேயே ஐயாவின் மணிச் சத்தம் என் காதில் விழவேண்டும். பத்திரமாகப் பார்த்துக்கொள். உன்னை நம்பித்தான் இருக்கிறேன்.

அண்ணன்
அடைக்கலம்

மணமேல்குடி
10-4-1938

அன்புள்ள அண்ணனுக்கு,

மணி இப்போது இல்லை. கோபப்படாமல் முழுவதும் வாசியுங்கள்.

பக்கத்து வீட்டு முனியாயி அக்கா மகனுக்குக் கடுங்காய்ச்சல். அக்கா அவனுக்கு மணித்தண்ணீரையே கொடுத்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், உபதேசியார் மணி இருக்கையில் அது எதற்கு என்றது. ஆத்தா பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு வண்டியேறியது. பிழைத்துக்கொண்டான்.

வந்ததும் ஆத்தா அந்த எசேக்கியா அதிகாரத்தை மறுபடி வாசிக்கச் சொன்னது. மறுநாள் மணியைக் கன்னாரிடம் கொடுத்து, கஞ்சிக் கரண்டியாக உருக்கி வார்க்கச் சொல்லிவிட்டது. உங்கள் வெள்ளிப் பூணைச் சொல்லித் தடுத்தேன்.

"ஒங்கண்ணன் மனசு எனக்குத் தெரியாதா? என் மனசும் அந்த மணியிலதான் கெடக்கு. அதான் வச்சிருக்கப் பயமா இருக்கு" என்றது.

சபைப் பெரியவர் ராக்கன் வாசலில் நின்று, புருஷன் ஞாபகத்தை உருக்கித் தின்றவள் என்று ஏசினார். ஆத்தா குரலை உயர்த்தவில்லை.

"அவுக மணியடிச்சது கர்த்தர்கிட்ட வாங்கன்னு. நீங்க மணிகிட்டயே நின்னுட்டீங்க."

அந்த ஞாயிறு ஜெபத்துக்குப் பாதிப் பேர் வரவில்லை. இப்போது வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டி அடிக்கிறோம். கர்ணகடூரமான சத்தம். அதற்கு யாரும் பூ வைப்பதில்லை.

மணியடிக்கும் நேரமானால், நன்றாக எரிகிற அடுப்பையும் ஆத்தா ஊதிக்கொண்டே இருக்கிறது. கண் ஏன் சிவந்திருக்கிறது என்றால் புகை என்கிறது. எசேக்கியாவுக்குச் சேனை இருந்தது, அண்ணே. ஆத்தாவுக்கு நான் மட்டுந்தான், நானும் தடுத்தேன். நீங்கள் வெறுத்துவிட்டால் ஆத்தா தாங்காது. ஒரு வரியாவது எழுதுங்கள்.

லேயாள்

ரங்கூன்
22-5-1938

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு ஆத்தா அடுப்பு ஊதுவதை நினைத்துக்கொண்டேன். ஐயா இருந்திருந்தால், பூ வைத்த முதல் நாளே அந்த மணியை உருக்கியிருப்பார். எனக்கு அது தெரியும்.

வெள்ளிப் பூண் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். கம்மாய்க்கரையில் நிற்பேன். ஆத்தாவையே தண்டவாளத்தை அடிக்கச் சொல். பலமாக அடிக்கட்டும்.

அடைக்கலம்