சாடிக் கடிதத்துக்குப் புதுச் சட்டை

2025 மார்ச் 9, ஞாயிறு

இன்று காலை பத்து மணிக்கு என் சாடிக் கடிதம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நூற்று எண்பத்தாறு பேருக்குப் போய்விட்டது. தைத்தவள் என் பேத்தி வேணுஜா. இங்கே ஜெர்மனியில், டோர்ட்மண்டில், அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிறாள். எழுத்தையும் படத்தையும் கொம்பியூட்டரில் வடிவாக அடுக்குகிற தொழில், கிழமையில் மூன்று நாள் வேலை, இரண்டு நாள் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் கடைசி வேலையாக ஏதாவது ஒன்றைப் புதுசாக்கிக் காட்ட வேண்டுமாம். மற்றப் பிள்ளைகள் கடை, கொம்பனி என்று எடுத்தார்கள். என் பேத்தி என் கடிதத்தை எடுத்தாள்.

ஐந்து வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் நான் கொப்பியில் எழுதுவேன். ஞாயிறு அவள் அதை ஈமெயிலில் அனுப்புவாள். இந்த நாட்டுக் குளிரில் கறிவேப்பிலையைச் சாடியில், பூந்தொட்டியில், எப்படி உயிரோடு வைத்திருப்பது, அதுதான் விஷயம். ஐந்து வருடத்தில் நான் ஒரு பிழையான சொல் சொன்னதில்லை. முந்தி வெறும் கறுப்பு எழுத்து. இப்போது சுற்றிவரக் கரை, மேலே ஒரு சாடி, அதன் கீழே வட்டத்துக்குள் என் முகம். பக்கத்து வீட்டு ஜெர்மன் மனுசிக்கும் காட்டினேன்.

"அம்மம்மா, எப்பிடி இருக்கு?"

"கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு பிள்ளை."

ஆனால், இதை இங்கே மட்டும் எழுதுகிறேன். நான் எழுதினது இரண்டு பக்கம். போனது மூன்று வரி. இந்தக் கிழமை நல்ல வெயில், சாடியைப் பல்கனியில் வையுங்கோ, செடிக்குக் காற்றும் வெளிச்சமும் வேணும். அவ்வளவுதான். அதற்குக் கீழே ஒரு பச்சை அம்புக்குறி, வடிவுக்கு. நாலு மணிக்குச் சாடியை உள்ளே எடுக்கச் சொன்னேனே, அது எங்கே? பனி கொட்டும் என்று எழுதினது எங்கே?

வெட்டிப்போட்டாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதினதில் மூன்று வரிதான் தேறும் என்று நினைத்திருப்பாள். படித்த பிள்ளை, அவளுக்குத் தெரியும்.

நான் கேட்க மாட்டேன்.

மார்ச் 10, திங்கள்

காலை ஏழு மணிக்கு என் மகள் பிரபாலினியின் போன் அடித்தது. பான் நகரத்தில் இருக்கும் சந்திரகாந்தி. என்னோடு முப்பது வருடப் பழக்கம். அழுதுகொண்டு, "பிள்ளை, அம்மாவை எப்ப எடுக்கினம்?" என்று கேட்டிருக்கிறாள்.

பிரபாலினி போனை என்னிடம் தந்தாள்.

"ஆரை எடுக்கிறது?" என்றேன்.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. பிறகு, "பவளமக்கா, நீங்களோ? வட்டத்துக்குள்ள உங்கட படம், சுத்திவரக் கரை, கீழ மூண்டு வரி. மரண அறிவித்தல் எண்டெல்லோ நினைச்சன்!"

வரிகளை வாசிக்கவில்லையாம், படத்தைக் கண்டதும் அழுகை வந்துவிட்டதாம். மத்தியானத்துக்குள் இன்னும் நாலு பேர் எடுத்தார்கள். ஹாகனில் ஒருவர் என் குரலைக் கேட்ட பிறகும் மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

வேணுஜாவிடம் சொல்ல வேண்டாம் என்று பிரபாலினியிடம் சொல்லிவிட்டேன். பிள்ளை ஆசையாகச் செய்தது.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் வாசகர்கள் இருபது பேரின் கருத்து கேட்கிறார்களாம், பேரோடு. ஏப்ரல் பதினொன்றுக்குள் கொடுக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை.

இருபது என்ன இருபது! காலையிலிருந்து பின்னேரம் வரை போனில் நின்றேன். "நல்லா இருக்கு எண்டு எழுதி அனுப்புங்கோ."

"என்னெண்டு எழுதுறது அக்கா?" என்று எல்லாரும் கேட்டார்கள். நானே சொல்லிக்கொடுத்தேன். கண்ணுக்குக் குளிர்ச்சி. வாசிக்க இலகு. வேணுஜாவுக்கு வாழ்த்துகள்.

மார்ச் 12, புதன்

இருபத்திமூன்று வந்துவிட்டது. வேணுஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மம்மா, எல்லாரும் ஒரே மாதிரி எழுதியிருக்கினம்."

"எல்லாருக்கும் கண் ஒரே மாதிரித்தானே பிள்ளை."

மார்ச் 13, வியாழன்



ஹாம் நகரத்திலிருந்து இரத்தினம் அண்ணை போன் எடுத்தார். பதினொரு வருட மரம் அவருடையது, என் நெஞ்சளவு உயரம். மனுசி செத்த பிறகு அந்த மரத்தோடுதான் கதைக்கிறவர்.

"பவளம், நீர் வெளியில வைக்கச் சொன்னீர். வைச்சன். மூண்டு இரவு நிண்டது. கறுத்துப்போச்சு."

"உள்ள எடுக்கேல்லையோ அண்ணை?"

"எடுக்கச் சொன்னால்தானே எடுக்கிறது! நீர் சொல்லாம நான் ஒண்டும் செய்யிறேல்லை, தெரியுந்தானே."

ஐயோ, நான் சொன்னனான். கொப்பியில கிடக்கு, அடிக்கோடு போட்டு எழுதினனான். நாலு மணிக்கு உள்ள எடுங்கோ எண்டு. வாய்வரைக்கும் வந்தது, என்ர பேத்தி வெட்டிப்போட்டாள் எண்டு. எப்பிடிச் சொல்லுறது? அந்தப் பேத்தியைப் பற்றி இந்த மனுசனுக்கு எத்தனை தரம் பெருமையாப் புளுகியிருப்பன்.

"நான்தான் எழுத மறந்திட்டன் அண்ணை. என்ர பிழை" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். திட்டியிருக்கலாம்.

மார்ச் 14, வெள்ளி

இந்தக் கிழமைக் கடிதம் மூன்று வரி எழுதினேன். எப்படியும் வெட்டத்தானே போகிறாள். பேனை மையாவது மிஞ்சட்டும். முதல் வரியிலேயே சாடியை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

"இவ்வளவுதானோ அம்மம்மா?"

"ஓம். இப்ப இதுதானே அளவு."

அவளுக்கு விளங்கவில்லை. விளங்காத மாதிரி நின்றாளோ?

மார்ச் 19, புதன்

இதுவரை ஒன்பது செடி போயிற்று. ஒன்பது பேருக்கும் மறந்துவிட்டேன் என்றுதான் சொன்னேன். பவளத்துக்கு வயது போய்விட்டது என்று இப்போது பேச்சாம். அதை எனக்குச் சொன்னவள் சந்திரகாந்தி. அவளுடைய செடி மட்டும் நல்லா நிற்கிறதாம். அதையும் சொன்னாள்.

மற்றக் குறைகளும் என் போனுக்குத்தான் வருகின்றன. வேணுஜாவுக்கு ஒருவரும் எழுதுவதில்லை. நான்தான் நல்லதை மட்டும் எழுதச் சொன்னேனே. மறந்துபோகாமல் இருக்க இங்கே குறித்து வைக்கிறேன்.

கடிதத்தைத் தாளில் அச்செடுத்துக் குளிர்பெட்டியில் ஒட்டுகிறவர்களுக்கு ஐந்து தாள் வருகிறதாம். நாலு தாள் வெறும் பச்சை.

எழுத்து எறும்பு மாதிரி இருக்கிறதாம்.

ஒருவரின் போனில் சாடி மட்டும்தான் தெரிகிறதாம். ஒரு கிழமையாகச் சாடியையே பார்த்துக்கொண்டு இருக்கிறார்.

மேலே இருக்கும் சாடியில் நிற்பது கறிவேப்பிலையே இல்லையாம், வேம்பாம். (அது சரிதான். நானும் கண்டேன். சொல்லவில்லை.)

மார்ச் 23, ஞாயிறு

மூன்றாவது கடிதமும் மூன்று வரியோடு போனது. நான் சுருக்கமாக எழுதுவதைப் பார்த்து நோய் வருத்தம் வந்துவிட்டது என்று நினைத்து மூன்று வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சொதி நல்ல சொதி. இடியப்பம் கொஞ்சம் இறுகிப்போயிருந்தது.

மார்ச் 28, வெள்ளி

மூன்று வரி.

ஏப்ரல் 2, புதன்

வேணுஜா பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்தும் கழற்றாமல் குசினியில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது.

அந்த இருபத்திமூன்றையும் ஜெர்மனில் மாற்றிக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். ஆசிரியை வாசித்துவிட்டு, "இருபத்திமூன்று பேரும் ஒரே வசனமா? இதை நீயே எழுதினாயா?" என்று கேட்டாவாம். வாசகர்களுக்கு என்ன பிடிக்கவில்லை, அதற்கு நீ என்ன செய்தாய், அதுதான் வேலையே என்றாவாம். அது இல்லாவிட்டால் பதினொன்றாம் திகதி கொண்டுவர வேண்டாம் என்றாவாம்.

"நான் கள்ளம் செய்தனான் எண்டு நினைக்கிறா அம்மம்மா. ஒரு ஆளுக்காவது பிடிக்காமல் இருந்திருக்குமே? ஒருத்தரும் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ?"

நான் சட்டியைக் கழுவினேன். கழுவின சட்டியைத் திரும்பவும் கழுவினேன்.

ஏப்ரல் 3, வியாழன்

என்ர பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்ல வைச்சிட்டன். நான்தான். வேற ஆர்?

எல்லாக் குறையும் இந்த நாட்குறிப்புக் கொப்பியிலதான் கிடக்கு. பேரோட, திகதியோட. குடுத்தால் போதும். ஆனா முதல் பக்கத்திலயே வெட்டிப்போட்டாள் எண்டெல்லோ எழுதி வைச்சிருக்கிறன். அந்தத் தாளைக் கிழிக்கட்டோ? கிழிச்சால் இரத்தினம் அண்ணையின்ர மரத்துக்கு என்ன காரணம் சொல்லுறது?

குடுக்கிறன். முழுசாக் குடுக்கிறன்.

அன்றே, பின்னேரம்

கொடுத்தேன். கதிரையில் இருந்து வாசித்தாள். நான் பல்கனிக்குப் போய் ஒரு இலையும் உதிராத செடியின் கீழே இலை பொறுக்கினேன்.

"அம்மம்மா! இஞ்ச வாங்கோ!"

போனேன். கண் நிறையத் தண்ணீர். ஆனால் வாய் சிரிக்கிறது. என் விரலைப் பிடித்தாள். போனில் அந்தப் பச்சை அம்புக்குறியின் மேல் வைத்தாள்.

"அமத்துங்கோ."

அமத்தினேன். திறந்தது. இரண்டு பக்கமும். நாலு மணிக்கு உள்ளே எடுங்கோ, பனி கொட்டும், எல்லாம். நான் அடிக்கோடு போட்ட இடத்தில் அவளும் அடிக்கோடு போட்டிருந்தாள்.

"நான் ஒரு எழுத்தும் வெட்டேல்லை. அம்பு இருந்தால் எல்லாரும் அமத்துவினம் எண்டு நினைச்சன்."

"நீ வடிவுக்கு வைச்சனீ எண்டு நினைச்சன்."

"நீங்கள் கேட்டிருக்கலாம்."

"நீ சொல்லியிருக்கலாம்."

அவள் கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பினாள். பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள். "ஐஞ்சாம் வகுப்பு எண்டதாலதான் வெட்டினனான் எண்டு உண்மையா நினைச்சனீங்களோ?"

"சொதி கிடக்கு, சாப்பிடு" என்றேன்.

சாப்பிட்டுவிட்டுக் கொம்பியூட்டரில் பார்த்தாள். எத்தனை பேர் அமத்தினார்கள் என்று அதில் தெரியுமாம். நூற்று எண்பத்தாறில் பதினொரு பேர். அதில் ஒன்று சந்திரகாந்தி. ஒன்பதாம் திகதி இரவே அமத்தியிருக்கிறாள்!

உடனே போன் எடுத்தேன்.

"ஓம் அமத்தினனான். செத்தவீடு எங்க, எத்தினை மணிக்கு எண்டு பாக்க வேண்டாமே? அமத்தினால் கறிவேப்பிலையை உள்ள எடுக்கச் சொல்லிக் கிடந்தது. உங்கட கடைசிக் கடிதமாக்கும் எண்டு எடுத்து வைச்சன்."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கண்ணுக்குக் குளிர்ச்சி எண்டு மட்டும்தானே எழுதச் சொன்னனீங்கள்!"

ஏப்ரல் 5, சனி

ஹாமுக்கு ரயிலில் போனோம், நானும் வேணுஜாவும். இரத்தினம் அண்ணை கதவைத் திறந்தார். தேத்தண்ணி வேணுமா என்று கேட்கவில்லை. மரம் யன்னலடியில் கறுத்து நின்றது.

நான் வாய் திறக்க முதல் வேணுஜா சொன்னாள். "தாத்தா, அம்மம்மா மறக்கேல்லை. எழுதினவா. நான்தான் அதை ஒரு அம்புக்குறிக்குப் பின்னால ஒளிச்சு வைச்சனான்." போனை நீட்டி அமத்திக் காட்டினாள்.

அவர் கண்ணாடி போட்டு இரண்டு பக்கமும் வாசித்தார். அவசரமே இல்லை அவருக்கு. பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப ஏன் உம்மட பிழை எண்டு சொன்னீர்?"

நான் மரத்தடிக்குப் போய்க் குனிந்தேன். நகத்தால் தோலைச் சுரண்டினேன். மேலே கறுப்பு. நடுவிலும் கறுப்பு. அடியில், மண்ணிலிருந்து நாலு விரல் உயரத்தில், உள்ளே பச்சை.

"கத்தி தாங்கோ அண்ணை."

வெட்டும்போது அவர் திரும்பி யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கைகழுவி வந்தபோது தேத்தண்ணி இருந்தது. வேணுஜா பள்ளிக்கூடக் கதையையும் சொல்லியிருந்தாள். அவர் வேணுஜாவிடம், "பிள்ளைக்குக் குறைதானே வேணும்? இரும், எழுதித் தாறன்" என்று தாள் தேடிக்கொண்டிருந்தார். மூன்று பக்கம் எழுதினார். ஒரு இடத்திலும் குளிர்ச்சி என்ற சொல் இல்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

கடிதம் மூன்றாவது சட்டையில் போனது. அம்புக்குறி இல்லை. வட்டத்துக்குள் என் முகமும் இல்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று முதல் வரியில் எழுதினேன். பிழை யாருடையது என்று எழுதுவதில் சண்டை. அவள் தன்னுடையது என்கிறாள், நான் விடவில்லை. கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். குறை இருந்தால் வேணுஜாவுக்கே எழுதுங்கோ, ஒளிக்க வேண்டாம் என்றும் கேட்டோம்.

பின்னேரத்துக்குள் அறுபத்தொரு குறை! ஒருவர் தன் மருமகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார்.

ஏப்ரல் 11, வெள்ளி

கொடுத்துவிட்டாள். கட்டுப் பெரிது. இரத்தினம் அண்ணையின் மூன்று பக்கமும், மேலே தமிழ், கீழே ஜெர்மன். என் கொப்பியிலிருந்து மார்ச் ஒன்பதாம் திகதியையும் சேர்க்கவா என்று கேட்டாள். ஓம் என்றேன். ஜெர்மனில் அதை யார் வாசித்தால் எனக்கென்ன.

மே 18, ஞாயிறு

வேணுஜாவுக்கு இரண்டு வந்தது. இந்த நாட்டில் ஒன்றுதான் முதல், இரண்டு அதற்கு அடுத்தது. பக்கத்து வீட்டு மனுசிக்கும் சொல்லிவிட்டேன்.

இன்றைய கடிதம் நாலு பக்கம். நாலும் ஒரே தாளில் அடங்கி வருகிறது, குளிர்பெட்டியில் ஒட்டலாம். மேலே கறிவேப்பிலையே நிற்கிறது, வேம்பில்லை.

பத்தரை மணிக்கு இரத்தினம் அண்ணை படம் ஒன்று அனுப்பினார். வெட்டின கட்டையின் பக்கத்தில் இரண்டு துளிர், உழுந்தளவு. கீழே எழுதியிருந்தார்: "எழுத்து இன்னும் சின்னன்."

வேணுஜா எழுத்தைப் பெருப்பித்துக்கொண்டிருக்கிறாள்.