முதுமை செல் மாத்திரை பேனரிலிருந்து என் படத்தை இறக்கக் கோரி

அனுப்புநர்:
ம. குப்புராஜ்,
பட்டுப் பாவு இணைப்பவர், தெருவுக்கே மூத்தவர்,
ஆரணி.

பெறுநர்:
உயர்திரு மருந்துகள் ஆய்வாளர் அவர்கள்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பொருள்: கிழட்டு செல்களை அழிக்கும் என்று விற்கப்படும் மாத்திரையைத் தடுப்பதும், வரும் ஞாயிறு பெரணமல்லூரில் நடக்கும் முகாமை நிறுத்துவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இந்த விவகாரம் இப்படித்தான் வந்து முடியும் என்று முதன்முதலில் சொன்னவன் நான். மார்ச் மாதமே டீக்கடையில் சொல்லிவிட்டேன். மெதுவாகச் சொன்னதால் யார் காதிலும் விழவில்லை.

2. அந்த மாதம் அன்பரசு என்பவர் ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம் போட்டார். உடம்பில் சில செல்கள் வேலையும் செய்யாமல், சாகவும் செய்யாமல், பக்கத்துச் செல்களையும் கெடுத்துகினு கிடக்குமாம். மாத்திரை அவற்றைத் தேடிப் பிடித்து அழிக்கும், வயது பின்னால் போகும் என்றார். ஐந்நூறு பேர் வந்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் அறுபது இருக்கும். எழுந்து கேள்வி கேட்டவன் நான் ஒருவன்தான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் இற்றுப்போன இழையைப் பிடுங்குவது மாதிரிதானே என்றேன். அவர் அசந்துபோய் என் வயதைக் கேட்டார். எழுபத்திரண்டு என்று ஆதார் அட்டையையே எடுத்துக் காட்டினேன்.

3. எனக்கு மூன்று மாத மாத்திரை இலவசமாகக் கிடைத்தது. நான்கு நாளில் வயிறு பேஜார் பண்ணியதால் மீதியை அலமாரியில் போட்டுவிட்டேன். ஜூனில் படம் பிடிக்க வந்தவர்களிடம் அதைச் சொல்லவில்லை. திருமலைப் படிகளை ஒரே மூச்சில் ஏறினேன் என்றேன். பாதியில் மோர் குடிக்க உட்கார்ந்தது உண்டு. இன்று பஸ் ஸ்டாண்டு பக்கம் எட்டடி உயரத்தில் சிரித்துகினு நிற்கிறேன். கீழே "வயது 72, நம்ப முடிகிறதா?" என்று போட்டிருக்கிறார்கள்.

4. பக்கத்து வீட்டு வேலு நம்பினார். தறி நெய்பவர், வயது அறுபத்தாறு. என்னை அண்ணா என்பார், நான் போனால் எழுந்து நிற்பார். அவர் மகள் எழிலரசிக்கு நான் பெரியப்பா. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஆகஸ்டில் மாத்திரை வாங்கினார். இரண்டே மாதத்தில் ஈறில் ரத்தம், கை முழுக்க நீலத் திட்டு, மூச்சு வாங்கல். வேலூரில் சேர்த்தோம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது என்றார்கள். மாத்திரையைப் பார்த்த டாக்டர், இது ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மருந்து, முதுமைக்கு இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது, யார் பேச்சைக் கேட்டுச் சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். எழிலரசி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

5. கட்டிலில் கிடந்த வேலு காலை மடக்கி இடம் விட்டார். "வயசானவரு நின்னுகினு கீறீங்களே, உக்காருங்கண்ணா" என்றார். நானும் உட்கார்ந்தேன். அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

6. எங்கள் தெருவில் இன்னும் பதினான்கு பேர் சாப்பிடுகிறார்கள். வீடு வீடாகப் போய் நிறுத்தச் சொன்னேன். பெருசு தான் மட்டும் குமரனா இருக்கப் பாக்குது என்று சிரிக்கிறார்கள். எழுபத்திரண்டிலும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்கிறார்கள்.

7. ஆகவே ஐயா அவர்கள் ஞாயிறு முகாமை நிறுத்தி, மாத்திரைகளைச் சோதனைக்கு எடுத்து, பேனரை இறக்க உத்தரவிட வேண்டுகிறேன். இறக்குமுன், கீழே உள்ளதை எங்கள் தெருவில் தாங்களே மைக்கில் படிக்க வேண்டும். நான் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

எனக்கு வயது எழுபத்திரண்டு இல்லை, அறுபத்தொன்று. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வெம்பாக்கம் பக்கமிருந்து குடிவந்தேன். முப்பதிலேயே நரைத்த தலையைப் பார்த்துப் பெரியவரே என்றார்கள். ஆடிக்கூழில் முதல் சொம்பு தெருவில் மூத்தவருக்கு என்றார்கள். அதற்காகப் பதினொரு வயதைக் கூட்டிச் சொன்னேன். ஆதார் எடுத்தவரிடமும் அதையே சொன்னேன். என் மனைவி ஆதிலட்சுமிக்கு மட்டும் தெரியும். இதை எழுத வைத்ததும் அவள்தான். நான் ஐந்தாவது வரை படித்த பள்ளியின் பதிவேட்டு நகலை இணைத்துள்ளேன். மாத்திரை என் வயதில் ஒரு நாளைக்கூடக் குறைக்கவில்லை. வேலுதான் எனக்கு அண்ணன். எழிலரசிக்கு நான் சித்தப்பா.

தாங்கள் படித்து முடிக்கும்வரை நான் அங்கே நின்றுகொண்டிருப்பேன்.

இடம்: ஆரணி
நாள்: 18.11.2025

இப்படிக்கு,
ம. குப்புராஜ்
(வயது 61)